முகவரி கொடுக்கும், கணக்குச் சொல்லாது: ஒரு விபிஎன் ரவுட்டருடன் நெடுநாள் அனுபவம்

ஐப்பசி இடியில் அடிபட்ட எங்கள் விபிஎன் ரவுட்டர் (பல ஊர்க் கணினிகளை இணையம் வழியே ஒரே தனி வலையில் சேர்க்கும் பெட்டி) பழுது நீங்கித் திரும்பியிருக்கும் வேளையில், தேவகோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் அதையே தாமும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேகம், விலை முதலியவை அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியுள்ளன; அவற்றில் பொய்யில்லை. காரைக்குடிக் கடையின் சர்வரோடு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையையும் சென்னைக் கிளையையும் அது தளராமல் இணைத்து வந்திருக்கிறது. என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கிளையண்டுக்கு (இணைய வரும் கணினிக்கு) எந்த ஐபி முகவரியை (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்ணை), எதை வைத்துக் கொடுத்தது என்பதை அதன் லாக் (நிகழ்வுப் பதிவேடு) தெளிவாகச் சொல்வதில்லை.

இது எங்களுக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், கணக்குகளைத் திறக்கும் உரிமையை ஃபயர்வால் என்னும் வலைக்காவல் முகவரியைப் பார்த்தே தருகிறது. பெட்டிக்குள் ஓடும் ஓபன்விபிஎன் என்னும் மென்பொருள், தான் கொடுத்த முகவரிகளை ஒரு கோப்பில் குறித்துவைத்து, வேறு அமைப்பு இல்லையெனில் 600 விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். அந்தக் குறிப்பும் ஒரு பரிந்துரைதானே தவிர உத்தரவாதம் அன்று. இந்தப் பெட்டியோ அக்கோப்பைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருப்பதால், மின்சாரம் போனால் குறிப்பும் போய்விடும். மின்சாரம் வந்ததும் முதலில் இணைபவருக்கு 10.8.0.2, அடுத்தவருக்கு 10.8.0.3 என்று பந்தி விசாரிப்பு தொடங்குகிறது. சென்னைக் கணினி முந்திக்கொண்ட நாள்களில் பட்டறையில் பில் திறக்காது. பட்டறைக்கு மட்டும் உரிய இருப்புக் கணக்கு சென்னையில் தாராளமாகத் திறக்கும்.

அப்போது லாகைத் திறந்தால் இரண்டே தேர்வுகள் இருந்தன. ‘சாதாரணம்’ என்பதில் ‘கிளையண்ட் இணைந்தது’ என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ‘விரிவு’ என்பது ஓபன்விபிஎன்னின் 5ஆம் நிலை (எண் கூடினால் விவரமும் கூடும்). அந்த நிலையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவுத் துண்டுக்கும்), படித்தால் ஆர், எழுதினால் டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும். பெட்டியின் லாக் இடமோ மிகச் சிறியது என்பதால், முகவரி கொடுத்த வரி அந்த எழுத்து வெள்ளத்தில் சில நிமிடங்களிலேயே அடித்துச் செல்லப்படும். தப்பிப் பிழைத்த வரிகளிலும் தேதி 1970 ஜனவரி 1 என்று இருக்கும், இணையத்திலிருந்து நேரம் வந்து சேரும்வரை பெட்டிக்குக் காலமே தெரியாது. பற்று எழுதிவிட்டு யார் பேரில் என்பதை எழுதாத பேரேட்டைச் செட்டிநாட்டில் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பழுதுபார்த்தபோது புதிய ஃபர்ம்வேரையும் (பெட்டியின் உள் மென்பொருளையும்) ஏற்றியிருக்கிறார்கள்; லாக் நிலையை இப்போது எண்ணாகவே தேர்ந்துகொள்ளலாம். 3 என்று வைத்தபின் அதே பெட்டி பேசத் தொடங்கியதைப் பார்த்து நான் மகிழ்ந்ததை மறைக்க விரும்பவில்லை. பொதுவான முகவரித் தொகுப்பிலிருந்து எடுத்த முகவரி ஒரு வரியிலும், அது எந்தச் சான்றிதழ்ப் பெயருக்கு (கிளையண்டின் மின் அடையாளச் சான்றிலுள்ள பெயருக்கு) சென்றது என்பது இன்னொரு வரியிலும் தெரிகின்றன. கிளையண்டுக்கென்று நிலையான முகவரி எழுதிய தனிக்கோப்பு இருந்தால், அதைப் படித்த செய்தியும் பதிவாகிறது. அந்தச் செய்தி சென்னைக்கும் வரவில்லை, பட்டறைக்கும் வரவில்லை. சான்றிதழில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களுக்கு, நிறுவ வந்தவர் சின்ன எழுத்தில் கோப்புகள் வைத்துப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. பெயர் பொருந்தாவிட்டால் ஓபன்விபிஎன் பிழை எதுவும் சொல்லாமல் தொகுப்பிலிருந்து ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடும். ‘சிசிடி எக்ஸ்க்ளூசிவ்’ என்ற விருப்பத்தை இயக்கினால், தனிக்கோப்பு இல்லாதவரை உள்ளேயே விடாது. கோப்புகளின் பெயர்களைத் திருத்தி அதையும் இயக்கியபின், எத்தனை மின்தடை வந்தாலும் முகவரிகள் இடம் மாறுவதில்லை.

இருந்தும் எனக்கு வேண்டியது ஒற்றை வரி: சான்றிதழ்ப் பெயர், வந்த வெளி முகவரி, கொடுத்த உள் முகவரி, அது தனிக்கோப்பிலிருந்தா தொகுப்பிலிருந்தா என்ற விவரம். முகவரி ஒதுக்கப்படும்போது ஒரு ஸ்கிரிப்டை (நாமே எழுதும் சிறு நிரலை) அழைக்கும் வசதி ஓபன்விபிஎன்னில் உண்டு. இதில் பெரும்பகுதியை அதைக் கொண்டே எழுதிவிடலாம். ஆனால் ஸ்கிரிப்ட் வைக்க இந்தப் பெட்டியில் இடம் தரவில்லை. ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக்கூட இத்தனை காலம் மறைத்துவைத்தவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் அதிகம்தான்.

ஆகவே நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்னைக் கிளைக்கு மட்டும் இதே மாதிரியில் இன்னொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேறொரு பெட்டியின் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்க இனி முதலிலிருந்து பாடுபட எனக்குப் பொறுமை இல்லை.