குழந்தைக்கு எவ்வளவு மெதடோன்? கண்டுபிடிக்க மூன்று வழிகள்

ஐசியூவில் வாரக்கணக்கில் ஃபென்டனிலோ மார்ஃபினோ (இரண்டும் அபின் வகை வலிநிவாரணிகள்) ஏறிய குழந்தைக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, ஓயாத அழுகை என்று வரிசையாக வரும். அதனால் பல இடங்களில் அதே வகையைச் சேர்ந்த, உடம்பில் நீண்ட நேரம் தங்கும் மெதடோனுக்கு மாற்றி, மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதெல்லாம் அந்தச் சின்ன உடம்பு மருந்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

இதை அறிய சுலபமான வழி, பெரியவர்களின் கணக்கை எடைக்கேற்பச் சுருக்குவது. ஊசியும் இல்லை, செலவும் இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓரளவு ஒத்துவரும். பச்சிளங்குழந்தையிடம் இது எடுபடாது, அதன் கல்லீரல் நொதிகள் இன்னும் முதிரவில்லை. குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததாக 1959-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியதற்கும் அடிப்படை இதுதான்.

அடுத்தது பழைய பாணி. சில குழந்தைகள் போதும், ஆனால் டோஸ் கொடுத்தபின் குறித்த நேரங்களில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தத்தில் மருந்து நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் வளைவு சுத்தமாகக் கிடைக்கும், மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் மெதடோன் பாதியாகக் குறைய பெரியவர்களிடமே 8 மணி முதல் 59 மணி நேரம் வரை ஆகும், அதனால் முழு வளைவைப் பிடிக்க நாள்கணக்கில் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாலு கிலோ குழந்தையிடம் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 320 மில்லி. ஆய்வுக்காக ஒரு தடவைக்கு 1 சதவீதம், நான்கு வாரத்தில் 3 சதவீதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலின் வரம்பு, அதாவது ஒரு மாதத்துக்கே 10 மில்லிக்குள். அப்புறம், இந்தக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து டோஸ் போய்க்கொண்டே இருக்கும், வளைவு முடியும்வரை நிறுத்தி வைக்கவும் முடியாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கும் ரத்தத்தோடு கொஞ்சம் சேர்த்து எடுத்து, ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று சாம்பிள் வீதம் நிறையப் பேரிடம் திரட்டி, வயதையும் எடையையும் வைத்து ஒரே கணித மாதிரியில் பொருத்துவது. ட்யூக் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் பீடியாட்ரிக் ட்ரையல்ஸ் நெட்வொர்க் என்ற குழந்தை மருந்து ஆய்வுக் கூட்டமைப்பு இந்த முறையில்தான் பல மருந்துகளை ஆராய்ந்தது. அவர்கள் பட்டியலில் மெதடோனும் உண்டு. காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுப் பணம்தான் வர வேண்டும்.

இந்த முறையின் பலவீனம் நேரக்குறிப்பு. சீட்டில் 8 மணி என்றிருக்கும், நர்ஸ் கொடுத்தது 8.40-க்கு இருக்கும். மார்ஃபினில் இது பெரிய பிழை, வளர்ந்த குழந்தைகளிடம் அது இரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். மெதடோன் மெதுவாக இறங்குவதால் அவ்வளவு கெடுக்காது. எனக்கு இதைவிட உறுத்துவது வேறு: மெதடோனின் பெரும்பகுதி ரத்தத்தில் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அறுவை சிகிச்சையோ தொற்றோ வந்தால் அந்தப் புரதம் ஏறும், மொத்த அளவும் கூடவே ஏறும், ஆனால் புரதத்தோடு ஒட்டாமல் வேலை செய்யும் பகுதி ஏறியிருக்காது. அதே சாம்பிளில் புரதத்தையும் அளக்காத ஆய்வு என்றால், அது எத்தனை குழந்தைகளைச் சேர்த்திருந்தாலும், நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.