பழைய வீட்டு வயரிங்: ஒட்டுப்போட்டால் போதுமா, முழுக்க மாற்றணுமா?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு: அந்தக் காலத்து வயரிங் இன்றைய விதிப்படி இருந்தாக வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் 2009 மின் நிறுவல் விதிகளில் பதில் இருக்கிறது. 1992 அக்டோபர் 23க்கு முன்பே போட்ட வயரிங், 1994 மார்ச் 1க்குப் பிறகு வீடு கைமாறவில்லை என்றால், சி.ஓ.சி. (வயரிங் விதிப்படி இருக்கிறது என்று சோதித்துத் தரும் சான்றிதழ்) இல்லாமலே இருக்கலாம். ஆனால் புதிதாக ஒரு பிளக் சேர்த்தால்கூட வீடு முழுவதற்கும் சி.ஓ.சி. வாங்க வேண்டும்.

லோட் ஷெடிங் தாங்காமல் இன்வெர்ட்டர் வைக்கப் போனதில் எங்கள் வீடும் அதில் மாட்டியது. டி.பி. போர்டை (வீட்டின் சுவிட்சுகள் எல்லாம் சேரும் மெயின் போர்டு) மாற்றி, 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) போட்டு, சோதனையில் தேறாததை மட்டும் சரிசெய்யலாம். செலவு குறைவு, சான்றிதழும் கிடைக்கும். இல்லையென்றால் முழுக்கப் புது வயர். நாங்கள் புது வயர்தான் இழுத்தோம். காரணம் எர்த்.

எங்கள் வீட்டில் எர்த்துக்குத் தனி வயரே இல்லை. சுவருக்குள் ஓடும் இரும்புக் கண்டூயிட் பைப்தான் எர்த். டர்பன் ஈரக்காற்றில் அது துருப்பிடிக்காமல் இருக்குமா? சமையலறை பிளக்கைக் கழற்றினால் பைப்பின் மரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. லைட் எரியும், டோஸ்டர் சுடும், வெளியே எதுவும் தெரியாது. டோஸ்டரின் தகட்டில் கரண்ட் கசிந்தால் மட்டும் போக வழியில்லை. எர்த் லீக்கேஜ் விழும்தான், ஆனால் யாராவது தொட்ட பிறகு. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதை நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் விற்பனை. வீடு கைமாறும்போது சி.ஓ.சி. இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஒட்டுப்போட்ட வயரிங் அப்போது மறுபடியும் சோதனைக்கு நிற்கும். வயரின் மேலுறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கும் அளவு, அதாவது இன்சுலேஷன், 1 மெகா ஓம் காட்டினால் இன்று தேறிவிடும். விறைத்துப்போன வயர் அடுத்த தடவையும் காட்டுமா?

எங்கள் கண்டூயிட் அடைபடாமல் இருந்ததால் பழைய வயரோடு கட்டியே புதியதை இழுத்துவிட்டார்கள். சுவர் முழுக்க உடைக்க வேண்டிய வீட்டில் கணக்கு வேறாகலாம். அந்த அனுபவம் எனக்கில்லை. தனி எர்த் வயரும் நல்ல பி.வி.சி. வயரும் இருந்தால் போர்டை மாற்றுவதே போதும். எதற்கும் கொட்டேஷன் கேட்கும் முன் ஒவ்வொரு பிளக்கிலும் எர்த்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.