எஸ்சிஏ²: பெயரடிகளைக் கோணலாக்கித் தரும் கருவி

இந்தோ-ஐரோப்பியச் சாயலில் மொழி புனைபவர் ஒழுங்கற்ற பெயர்களைக் கையால் செருகினால் பொய் பல்லிளித்துவிடும். ஒழுங்கான பழைய வடிவங்கள்மீது ஒலிமாற்ற விதிகளை வரிசையாக ஓட்டினால் கோணல் தானே விழும். அதைச் செய்து தருவதுதான் மார்க் ரோசன்ஃபெல்டரின் எஸ்சிஏ² (Sound Change Applier, ஒலிமாற்றம் ஓட்டும் கருவி). பிரவுசரிலேயே ஓடுகிறது.

விதிக்கு மூன்று துண்டு, நடுவே சாய்கோடு: எது, எதுவாக, எங்கே. பத்து நிமிடத்தில் கைவந்துவிடும். தமிழ் எழுத்திலேயே விதி எழுத ஆசைப்படாதீர்கள். புள்ளி தனிக் குறியீடு என்பதால் 'ஸ்' இரண்டு குறியாக எண்ணப்படும். ரோமனே சரி.

முதல் தவறு பெரும்பாலும் உள்ளீட்டில்தான். சொல்லின் அடியை மட்டும் கொடுத்துவிட்டு விகுதியைப் பிறகு ஒட்டினால் வடிவத்துக்கு வடிவம் அடி மாறாது. வேற்றுமை ஏற்ற முழுச் சொற்களையே கொடுங்கள். 'மேகம்' என்பதற்கு நெபோஸ், நெபெஸோஸ், நெபெஸி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு உயிருக்கு நடுவே ஸ் ரகரமாகட்டும், பிறகு சொல்லிறுதி இ விழட்டும்: நெபோஸ், நெபெரோஸ், நெபெர். இரு விதிகளையும் இடம் மாற்றிப் போட்டால் மூன்றாவது நெபெஸ் என்றே நின்றுவிடும். ஸகரத்துக்குப் பின் உயிர் இல்லையே. எந்த விதி எந்தச் சொல்லைத் தொட்டது என்று காட்டும் வசதியை எப்போதும் போட்டே வைத்திருங்கள்.

சுவையான கோணல் வேண்டுமா? எகரத்துக்கு முன் க சகரமாகட்டும். அதன்பிறகு எ, ஒ இரண்டும் அகரமாகட்டும். வொக்ஸ், வொக்கெஸ் என்ற ஜோடி வக்ஸ், வச்சஸ் ஆகிவிடும். மாற்றத்துக்குக் காரணமான எ தடயமில்லாமல் மறைந்துபோகிறது. சமஸ்கிருதத்தில் நடந்ததும் இதுவே: 'உம்' பொருளில் லத்தீன் 'க்வெ' என்பதற்கு அங்கே 'ச'. வரிசை தலைகீழானால் வக்ஸ், வக்கஸ், சப்பென்று போய்விடும்.

குறைகளும் உண்டு. பல ஒலிகளை ஒரே பெயரில் தொகுக்கும் வகைக்குள் ஒவ்வொரு ஒலியும் ஒற்றைக் குறியாக இருக்க வேண்டும்; ரோமனில் இரண்டு எழுத்தாகும் மூச்சேறிய பகரம் (ph), உதடு குவிந்த ககரம் (kw) போன்றவற்றை ஒற்றைக் குறியாக்க முதலிலேயே மாற்றெழுத்து விதி தேவை. அசையழுத்தம் என்றால் என்னவென்றே இதற்குத் தெரியாது. அழுத்தமுள்ள உயிருக்குத் தனி எழுத்து கொடுத்துச் சமாளிக்க வேண்டும். அசையமைப்பை நம்பிய விதிகள் நிறைய இருந்தால் லெக்சர்ஜி என்ற இன்னொரு ஒலிமாற்றக் கருவியின் பக்கம் போவதே நல்லது.

இன்னொன்று: கருவிக்குச் சொற்கள்தான் தெரியும், வேற்றுமை வரிசை தெரியாது. லத்தீனில் ஹொனோஸ் என்ற எழுவாய், ஹொனோரிஸ் போன்ற பிற வடிவங்களைப் பார்த்து ஹொனோர் ஆனது. அந்த ஒப்புமைத் திருத்தத்தை எஸ்சிஏ² செய்யாது. அதிகம் புழங்கும் பெயர்களில் கோணலை விட்டுவைத்து, மற்றவற்றில் எந்த அடி ஜெயிக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும்.