அங்குலம் அளந்து தொடும் கை: ஏற்காடு அடிவாரத்தில் மர்ம சிகிச்சை

சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்த என் அப்பாவுக்கு, இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலும் கெண்டைக்காலும் ஓயாமல் வலித்துக்கொண்டிருந்தன. ஏற்காடு சாலையில், அடிவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு தெருவுக்குள் இருக்கும் சிறிய ஆயுர்வேத மருத்துவமனையில் அவருக்கு ஏழு நாள் மர்ம சிகிச்சை, அதாவது மர்மங்கள் எனப்படும் உடலின் உயிர்நிலைகளைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை, செய்துகொண்டோம்.

முதல் நாள் எண்ணெயையே எடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்ன மருத்துவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி விசாரித்து, கெண்டைக்காலில் வீக்கம் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார். இதற்கு முன் வேறோர் இடத்தில், நரம்பை எடுத்துவிடுவதாகச் சொல்லி முழங்கால் மடிப்பில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தியதில், மூன்று நாள் காலைத் தரையில் வைக்க முடியாமல் கிடந்தவர் அப்பா. அதனால் இந்த நிதானமே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மர்மம் என்றாலே அழுத்த வேண்டிய இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய ஆயுர்வேத அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை 107 மர்மங்களைத் தசை, சிரை, நாண், எலும்பு, மூட்டு என ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்வது, முதலாவதாக, கத்தி படக்கூடாத இடங்களை அறுவை செய்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவற்றுள் 19 இடங்களில் அடிபட்டால் உடனே உயிர் போகும் என்றும், முழங்காலில் உள்ள ஜானு மர்மம் கெட்டால் நடை நொண்டும் என்றும் அது எச்சரிக்கிறது. பிராணன் தங்கும் இடம் என்பதாலேயே அங்கே அடி ஆகாது. இவற்றை வர்மம் என்று அழைக்கும் நம் சித்த மரபும், அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96 என எண்ணி, அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் சேர்த்தே கற்பிக்கிறது.

இந்த மருத்துவர் அதை அறிந்தவர். முழங்காலுக்கு மூன்று அங்குலம் மேலே இருக்கும் ஆணி மர்மத்தைக் குறிக்க, அவர் தம் விரலை வைக்கவில்லை. அப்பாவின் விரல்களையே தொடைமேல் வைத்து அளந்தார். அங்குலம் என்பது அவரவர் விரல் கணக்கு. பிறகு வெதுவெதுப்பான தன்வந்தரம் தைலத்தைத் தடவி, கட்டைவிரலின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமிட்டு, அப்பா மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தினார். மருத்துவரின் கண் முழுநேரமும் அப்பாவின் முகத்தில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் முதல் அப்பா கைத்தாங்கல் இல்லாமல் படியிறங்குகிறார், இரவில் விழிக்காமல் தூங்குகிறார். எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானம் இதனால் சரியாகிவிடாது என்பதை மருத்துவரே எங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நேரம் குறித்துக்கொண்டு போனாலும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதைவிடக் கவலை, குளியலறை வாசலில் உள்ள உயரமான படி: முழங்கால் நோயாளிகள் எண்ணெய்க் காலோடு ஏறும் அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கே கைப்பிடி பொருத்தும்படி கடைசி நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.