ஃப்ரீபிபிஎக்ஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்: கம்பம், குமுளி பக்கத்து ஆபீஸ்கள் எந்த அளவு நம்பலாம்?

கீழே கம்பத்தில் ஆபீஸ், மேலே குமுளியில் குடோன், வண்டன்மேட்டில் காய் எடுக்க ஓர் ஆள். ஏலக்காய் வியாபாரத்தில் இது வழக்கமான அமைப்பு. போடியிலோ புத்தடியிலோ ஏலம் நடக்கிற நாளில் போன் சர்வர் படுத்துவிட்டால், காய் கேட்கிறவர் காத்திருக்க மாட்டார். அடுத்த கடைக்குக் கூப்பிட்டுவிடுவார். அப்படியிருந்தும் பேக்கப் என்று ஒன்று எடுத்து வைக்கிற ஆபீஸ்களில்கூட அது பெரும்பாலும் அதே மெஷினின் அதே ஹார்ட் டிஸ்கில்தான் கிடக்கும். ஐப்பசி இடி ஒன்று லைன் வழியாக இறங்கினால் சர்வரோடு பேக்கப்பும் போய்விடும்.

ஆபீஸ் போன் சர்வரை நடத்தும் மென்பொருளான ஃப்ரீபிபிஎக்ஸோடு இலவசமாகவே வரும் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ மாட்யூலைத்தான் இங்கே பார்க்கிறோம். செட்டிங்கைத் திரும்பக் கொண்டுவருவதில் இது கெட்டி. எக்ஸ்டென்ஷன் (ஆபீஸ் உள் நம்பர்), ரிங் குரூப் (சேர்ந்து அடிக்கும் போன்கள்), ஐவிஆர் (எண்ணை அழுத்தச் சொல்லும் குரல் மெனு), கியூ (காத்திருப்பு வரிசை), டிரங்க் (ஆபரேட்டரோடு இணைக்கும் லைன்), அவுட்பவுண்ட் ரூட் (வெளியே போகும் காலுக்கான வழி), வாய்ஸ்மெயில், பதிவுசெய்த அறிவிப்புகள் எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஐவிஆர் வைத்திருப்பவர்கள் மறுபடி ரெக்கார்டிங் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் நாம் ‘போன் சிஸ்டம்’ என்று சொல்வதில் பாதி, செட்டிங்குக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பாதியை இந்த மாட்யூல் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் வரும் ‘சக்சஸ்’ மெயிலும் அதைப் பற்றி வாய் திறக்காது.

ஜாப் அமைப்பது எளிது. முதலில் செட்டிங்ஸ் மெனுவில் உள்ள ஃபைல்ஸ்டோர் பகுதியில், பேக்கப் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். லோக்கல் ஃபோல்டர், எஃப்டிபி, எஸ்எஸ்ஹெச், அமேசான் எஸ்3, டிராப்பாக்ஸ், மெயில் என்று வழிகள் உண்டு. பிறகு அட்மின் மெனுவில் ஜாப் உருவாக்கி, எந்தெந்த மாட்யூல் வேண்டும் என்று டிக் போட்டு, நேரம் குறித்து, எத்தனை பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கொடுத்தால் முடிந்தது. மாட்யூல் பட்டியலில் எதையும் கழற்றாமல் எல்லாவற்றையும் எடுப்பதே நல்லது. மெயிலை மட்டும் சேமிப்பிடமாக நம்ப வேண்டாம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது. கால் விவரப் பட்டியல் வளர வளர ஒரு நாள் அந்த எல்லையைத் தாண்டும், அன்றிலிருந்து மெயில் நின்றுபோகும். மெயில் வராத நாளை யாரும் கவனிப்பதில்லை. அதனால் நோட்டிஃபிகேஷனில் தோல்வியை மட்டும் தேர்ந்தெடுக்காமல் வெற்றி, தோல்வி இரண்டையும் வரவழையுங்கள்.

அடுத்தது கால் ரெக்கார்டிங். வியாபாரத்தில் விலை பேசியதற்குச் சாட்சி அதுதான், ஆனால் பேக்கப்பில் விடுபடுவதும் அதுதான். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் ஓடும் போன் எஞ்சினான ஆஸ்டெரிஸ்க்கின் ஸ்பூல் ஃபோல்டருக்குள் ‘மானிட்டர்’ என்ற ஃபோல்டரில் வருடம், மாதம், நாள் என்று அடுக்கடுக்காக ஃபைல்கள் சேர்கின்றன. அறிவிப்புகளும் ‘ரெக்கார்டிங்ஸ்’, பேச்சுகளும் ‘ரெக்கார்டிங்’ என்று பெயர் ஒன்றுபோல இருப்பதால், முன்னதை டிக் செய்துவிட்டுப் பின்னதும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது சகஜமான ஏமாற்றம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண வேவ் ஃபைல் விநாடிக்கு 8000 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட். ஒரு நிமிடப் பேச்சு 960 கேபி. நாளுக்கு 300 கால், சராசரி 3 நிமிடம் என்றால் 900 நிமிடம், 864 எம்பி. மாதம் 26 வேலை நாளுக்கு 22 ஜிபிக்கு மேல். இதை மாட்யூல் வழியாகத் தினமும் ஒரே டார் ஃபைலாகக் கட்டினால் சில மாதங்களில் டிஸ்க் நிரம்பும். நிரம்பினால் பேக்கப் மட்டுமல்ல, போனே நிற்கும். ரெக்கார்டிங்கைத் தனியாக ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் கருவி கொண்டு, முந்தைய நாள் ஃபோல்டரை மட்டும் அனுப்புவதுதான் சரி. 10 எம்பிபிஎஸ் அப்லோட் உள்ள லைனில் 864 எம்பி போக 12 நிமிடம் ஆகும். அதுவும் கனம் என்றால் வேவ்49 வடிவத்துக்கு மாற்றலாம். அளவு பத்தில் ஒரு பங்காகிவிடும். குரல் சற்றுத் தகரமாக ஒலிக்கும், ஆனால் விலை என்ன சொன்னார் என்பது புரியும்.

எங்கே அனுப்புவது? இரண்டு ஆபீஸ் இருப்பவர்களுக்கு விடை கையிலேயே இருக்கிறது: மேலே உள்ளதன் பிரதி கீழே, கீழே உள்ளதன் பிரதி மேலே. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறிவிட்டால் மழையும் மின்சாரமும் வேறு, இடி விழும் இடமும் வேறு. இரண்டு பக்கமும் ஒரே நாளில் எரிவது அபூர்வம். நடுவில் விபிஎன் என்ற மறைவான இணையப் பாதை போட்டு, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்புங்கள். எஃப்டிபியில் பாஸ்வேர்டு திறந்த கடிதமாகப் போகிறது, பேக்கப்புக்குள்ளேயோ எல்லா எக்ஸ்டென்ஷனின் ரகசியமும் இருக்கிறது.

பழைய பிரதிகளை எத்தனை நாள் வைப்பது என்பதில் கஞ்சத்தனம் கூடாது. 2025 ஆகஸ்டில் மேஜைப் போன்களை அமைக்கும் எண்ட்பாயிண்ட் மாட்யூலில் இருந்த ஓட்டை வழியாக, இணையத்துக்கு நேரே திறந்திருந்த ஃப்ரீபிபிஎக்ஸ் சர்வர்களில் ஆட்கள் நுழைந்தார்கள். அதன் தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. தயாரிப்பாளரான சங்கோமா சொன்ன வழி, ஆகஸ்ட் 21-க்கு முந்தைய பேக்கப்பை எடுத்துப் புது மெஷினில் ரீஸ்டோர் செய்வது. கடைசி 7 நாள் பிரதி மட்டும் வைத்திருந்தவரிடம், விஷயம் காதுக்கு எட்டிப் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது சுத்தமான பிரதி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. தினப்பிரதி 7, வாரப்பிரதி 4, மாதப்பிரதி 6 என்று மூன்று ஜாப் வையுங்கள். ரெக்கார்டிங் இல்லாத பேக்கப்புக்கு அப்படியொன்றும் இடம் தேவைப்படாது.

இனி ரீஸ்டோர். 15-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு மாட்யூலும் தன் தரவைத் தானே எடுத்துக்கொடுத்துத் தானே திருப்பி வைக்கிறது. அதனால் புது மெஷினில் முதலில் ஃப்ரீபிபிஎக்ஸைப் போட்டு, பழையதில் இருந்த மாட்யூல்கள் எல்லாவற்றையும் இறக்கி, அப்டேட் முடித்துவிட்டுத்தான் ரீஸ்டோரைத் தொட வேண்டும். பழைய பதிப்பின் பேக்கப்பைப் புதியதில் ஏற்றலாம், தலைகீழாக முடியாது. ஃபைல் பெரிது என்றால் பிரவுசர் வழியாக அப்லோட் செய்து பாதியில் தொங்கவிடாதீர்கள். ஃபைலை எஸ்சிபியில் (எஸ்எஸ்ஹெச் வழி நகல்) சர்வருக்கு அனுப்பிவிட்டு, கமாண்ட் லைனில் ஃப்ரீபிபிஎக்ஸின் சொந்தக் கமாண்டான எஃப்டபிள்யூகன்சோல் மூலம் ரீஸ்டோர் கொடுத்தால் எந்த மாட்யூலில் தடுக்குகிறது என்பதும் வரிவரியாகத் தெரியும்.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ் மீது ஓடும் பழைய 16-ஆம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த ஓஎஸ்ஸுக்கு 2024 ஜூன் 30-டன் ஆதரவு முடிந்துவிட்டது. 17-ஆம் பதிப்பு டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ் மீது ஓடுகிறது. இருந்த இடத்திலேயே மேலேற்ற வழியில்லை, புது மெஷினில் போட்டு ரீஸ்டோர் செய்தாக வேண்டும். அங்கே ஒரு பள்ளம் உண்டு. போன்களைச் சர்வரோடு இணைக்கும் சிப் முறைக்கான பழைய சான்சிப் டிரைவரை ஆஸ்டெரிஸ்க் 21-லேயே எடுத்துவிட்டார்கள். சான்சிப்பில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் பழைய சர்வரிலேயே அதன் புதிய மாற்றான பிஜேசிப்புக்கு மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேக்கப் எடுங்கள். பழைய அமைப்பில் சான்சிப் 5160 போர்ட்டிலும் பிஜேசிப் 5060-லும் இருப்பது வழக்கம். போன்களில் 5160 என்று அடித்து வைத்திருந்தால், சர்வரில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு போனும் ரிஜிஸ்டர் ஆகாது.

ரீஸ்டோர் ‘முடிந்தது’ என்று திரை சொன்ன பிறகுதான் உண்மையான வேலை. ஆபரேட்டர் தரும் சிப் டிரங்க் நம் ஊரில் பெரும்பாலும் யூசர்நேம், பாஸ்வேர்டில் வருவதில்லை. தனி ஃபைபரில், சர்வரின் இரண்டாவது லேன் கார்டுக்கு ஒரு குறிப்பிட்ட ஐபி கொடுத்து, அந்த ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே ஏற்பார்கள். டிரங்க் செட்டிங் பேக்கப்பில் வந்துவிடும். அந்தக் கார்டின் ஐபியும், ஆபரேட்டரின் சர்வருக்குப் போக ஓஎஸ்ஸில் எழுதிய ஸ்டேட்டிக் ரூட்டும் வராது. திரையில் டிரங்க் இருக்கும், கால் போகாது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டிவிடுங்கள். சிரிப்பதற்கில்லை, இதைவிட நல்ல இடம் கிடையாது. இதே காரணத்தால் குமுளி ஆபீஸின் 04869 நம்பரைக் கம்பத்துச் சர்வரில் ரீஸ்டோர் செய்து ஓட்டிவிடலாம் என்ற கணக்கும் பலிக்காது. நம்பர் பேக்கப் ஃபைலில் இல்லை, குமுளிக்கு வரும் அந்த ஃபைபரில் இருக்கிறது.

லேன் கார்டின் பெயரும் மாறும். பழைய ஓஎஸ்ஸில் எத்0 என்று இருந்தது டெபியனில் வேறு பெயரில் வரும். ஃபயர்வால் தன் மண்டலங்களைக் கார்டின் பெயரை வைத்தே பிரிப்பதால், ரீஸ்டோருக்குப் பின் உங்களையே வெளியே நிறுத்திவிடலாம். தூரத்திலிருந்து செய்யாமல் மானிட்டரும் கீபோர்டும் மாட்டி எதிரில் உட்கார்ந்து செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஃபயர்வாலை நிறுத்தி, லோக்கல் நெட்வொர்க்கை நம்பகமானதாகச் சேர்த்து, மறுபடி ஓடவிட வேண்டும். நிறுத்தியபடியே மறந்துவிடக் கூடாது.

புது ஓஎஸ் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் நின்றுகொண்டிருந்தால், ஆபீஸ் நேரம் பார்த்து அழைப்பைத் திருப்பும் டைம் கண்டிஷன் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். காலை 9 மணிக்குத் திறக்க வேண்டிய ஆபீஸ், கூப்பிடுகிறவர்களுக்கு மதியம் இரண்டரைக்குத்தான் திறக்கும். மேஜையில் எல்லாப் போனும் வேலை செய்வதால் உள்ளே இருப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

போன்கள் பற்றி ஒன்று. புது சர்வருக்குப் பழையதன் ஐபியையே கொடுங்கள், பழையதைக் கேபிளோடு கழற்றிவிட்டு. இரண்டும் ஒரே ஐபியில் உயிரோடு இருந்தால் பாதிப் போன் இங்கே, பாதிப் போன் அங்கே என்று அலையும். மாற்றியவுடனும் எல்லாப் போனும் வந்துவிடாது. பல போன்கள் 3600 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபதிவு செய்யும். ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாவிட்டால் போன்களுக்குக் கேபிள் வழியே மின்சாரமும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பிஆர்ஐ என்ற டிஜிட்டல் போன் லைனுக்கான கார்டைச் சர்வருக்குள்ளேயே செருகி வைத்திருந்தால், அதே மாதிரிக் கார்டு புது மெஷினில் இல்லாமல் அந்தச் செட்டிங்கால் பயனில்லை. 30 சேனல் பிஆர்ஐக்குத் தனியாக ஒரு கேட்வே பெட்டி வைப்பது மேல். சர்வருக்கு அது வெறும் சிப் டிரங்க்காகத் தெரியும், இடி விழுந்தாலும் முதல் அடியை அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய கமர்ஷியல் மாட்யூல்களின் லைசென்ஸ் மெஷினோடு கட்டப்பட்டது. புது மெஷினுக்கு மாற்ற சங்கோமா போர்ட்டலில் பூட்டைத் திறந்துவிட வேண்டும். போர்ட்டலின் பாஸ்வேர்டு எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் மெயிலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வார்ம் ஸ்பேர் வசதியும் இதே மாட்யூலில் இருக்கிறது: இரவு எடுத்த பேக்கப்பை இன்னொரு சர்வரில் தானாக ரீஸ்டோர் செய்து தயாராக வைக்கும். இரண்டாவது மெஷின் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். டிரங்க், நாட் (ரவுட்டருக்கு வெளியே தெரியும் ஐபி) செட்டிங், பைண்ட் அட்ரஸ் (சர்வர் காது கொடுக்கும் ஐபி), டிஎன்எஸ் ஆகியவற்றை விலக்கும் தேர்வுகளை டிக் செய்ய மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் உபரி சர்வரும் தானே மூலவர் என்று நினைத்துக்கொண்டு டிரங்க்கைப் பிடித்து இழுக்கும். சர்வரை பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் மீது விஎம்மாக (மெஷினுக்குள் ஒரு மெய்நிகர் மெஷினாக) ஓட்டுபவர்களுக்கு முழு விஎம் பேக்கப் இதைவிட வேகமான வழி. ஐபி, ரூட், நேரம் எல்லாம் உள்ளடங்கிவிடும். ஆனால் ஓஎஸ் மாறும்போதும், மெஷினுக்குள் ஆள் புகுந்துவிட்ட நிலையிலும் அது உதவாது. அப்போது மாட்யூல் பேக்கப்தான் கை கொடுக்கும். இரண்டையும் வைத்துக்கொள்வதில் செலவு டிஸ்க் மட்டுமே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏலம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், ஒரு காலி மெஷினில் ஏற்றிப் பாருங்கள். ஆபரேட்டர் கேபிளையும் அதற்கு மாற்றி, மொபைலிலிருந்து ஒரு கால் உள்ளே, ஐவிஆரில் ஒவ்வொரு எண்ணையும் அழுத்தி, பிறகு தமிழ்நாட்டு நம்பருக்கு ஒன்று, கேரள நம்பருக்கு ஒன்று வெளியே. குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், சிப் செட்டிங்கில் பழைய வெளி ஐபி உட்கார்ந்திருக்கிறது, அல்லது குரல் வந்துபோகும் 10000 முதல் 20000 வரையான யுடிபி போர்ட்டுகளை ரவுட்டர் அடைத்திருக்கிறது. ‘ஹலோ, கேக்குதா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடாமல் ஒரு நிமிடம் பேசுங்கள். சரியாக 32 விநாடியில் கால் அறுந்தால் அதுவும் பெரும்பாலும் அந்த வெளி ஐபியின் வேலைதான். நாம் அனுப்பிய பதிலுக்கு எதிர்ப்பக்கத்தின் ஒப்புகை வந்து சேரவில்லை என்று சர்வர் கைவிடும் நேரம் அது.