ஐபிசெட், என்எஃப்டி, பிபிஎஃப்டூல்: கெர்னலுக்குள் இருக்கும் பட்டியலை எதைக்கொண்டு ஆள்வது?

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் தங்கும் விடுதியாக மாறிய நகரத்தார் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் வைத்த வைஃபை அந்தச் சுவர் கனத்தில் வளவைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். அதனால் கட்டுக்கு ஓர் அக்சஸ் பாயின்ட், அத்தனைக்கும் பின்னால் டெபியன் லினக்ஸ் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று கேட்வேயாக, அதாவது இணையத்துக்கான வாசலாக. அந்தப் பெட்டியின் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் கருவுக்குள், இரண்டு பட்டியல்கள் தேவை. ஒன்று, அறை எடுத்தவர்களின் போன்கள். காலி செய்யும் நேரம் வரை மட்டும் செல்லுபடியாக வேண்டும். இன்னொன்று, தடுக்க வேண்டிய முகவரிகள். லட்சம் வரிகூட வரலாம்.

இந்தப் பட்டியல்களை டெர்மினலில் இருந்தபடி பார்க்க, சேர்க்க, நீக்க மூன்று கருவிகள் உண்டு. ஐபிடேபிள்ஸ் என்ற பழைய ஃபயர்வாலுக்குத் துணையான ஐபிசெட் 2011 முதல், அதாவது கெர்னல் 2.6.39 முதல் மூலக் கெர்னலிலேயே இருக்கிறது. புதிய ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸும் அதன் கட்டளையான என்எஃப்டியும் 2014இல் 3.13உடன் வந்தன. பிபிஎஃப், அதாவது கெர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு புரோகிராம்கள், தங்கள் பட்டியலை வைக்கும் மேப்களைத் திறந்து காட்டும் பிபிஎஃப்டூல் 4.15இல், 2018 தொடக்கத்தில். (கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தந்திருக்கிறோம், டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

பட்டியல் சிறிதாக இருக்கும்வரை மூன்றும் சாதுவாக நடந்துகொள்ளும். அது நிரம்பும்போது, பெட்டி திடீரென அணைந்து எழும்போது, யாரோ தப்பாக ஒரு வரி கொடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அந்த மூன்று இடங்களில் நிறுத்தித்தான் இங்கே பார்க்கிறோம். எது வேகம் என்ற சண்டைக்குள் போகவில்லை. விடுதிப் பெட்டிக்கு மூன்றுமே மிச்சம் மீதி வேகம்.

நிரம்பினால் என்ன சொல்கிறது

ஐபிசெட்டில் ஹேஷ் வகைப் (வரியைச் சட்டெனத் தேடியெடுக்கும் வகை) பட்டியலுக்கு எதுவும் சொல்லாமல் விட்டால் உச்சவரம்பு 65536. தொடக்க ஹேஷ் அளவு 1024. அது தானாக வளரும். உச்சவரம்பு வளராது. லட்சம் வரித் தடைப் பட்டியலை ஏற்றினால் 65537ஆவது வரியில் 'ஹேஷ் இஸ் ஃபுல்' என்று நின்றுவிடும். செய்தி நேரானது, படித்தவுடன் புரியும். தொல்லை வேறு இடத்தில்: ரீஸ்டோர் (கோப்பிலிருந்து பட்டியலை ஏற்றுவது) பாதியில் நின்றால் அதுவரை ஏறிய வரிகள் உள்ளேயே இருக்கும். பட்டியல் முழுசாக ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாதியோடு மாதக்கணக்கில் ஓடும் பெட்டிகள் இப்படித்தான் உருவாகின்றன.

வரம்பை ஓடும்போதே மாற்றவும் முடியாது. புதுப் பட்டியல் ஒன்று செய்து மாற்றிக்கொள்ள வேண்டும்:

ஐபிசெட் கிரியேட் தடை2 ஹேஷ்:நெட் மேக்ஸ்எலெம் 262144
ஐபிசெட் ரீஸ்டோர் < தடை2 கோப்பு
ஐபிசெட் ஸ்வாப் தடை2 தடை
ஐபிசெட் டெஸ்ட்ராய் தடை2

ஸ்வாப் ஒரே நொடிப்பில் நடக்கும், ஃபயர்வால் விதியைத் தொட வேண்டாம். ஐபிசெட்டின் மிக நல்ல அம்சம் இதுதான் என்போம். ஷெல் லூப்பில் ஒவ்வொரு வரிக்கும் ஐபிசெட் ஆட் அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லட்சம் தடவை புரோகிராமைத் தொடங்கி முடிப்பதில்தான் நேரம் போகிறது, சேர்ப்பதில் இல்லை. ரீஸ்டோர் கோப்பாக எழுதிக் கொடுங்கள்.

என்எஃப்டியில் சைஸ் குறிப்பிட்டிருந்து அது தாண்டினால் வரும் செய்தி வேடிக்கை: 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ் இன் சிஸ்டம்'. திறந்த கோப்புகள் அதிகமாகிவிட்டனவாம்! உள்ளே கெர்னல் திருப்பித் தரும் பிழை எண்ணை அப்படியே அச்சிடுகிறது, அவ்வளவுதான். கோப்பு வரம்பை ஏற்றிப் பார்த்து ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்க வேண்டாம். பட்டியலின் சைஸைப் பாருங்கள். கட்டளை வழியாகச் சேர்க்காமல், பாக்கெட் வரும்போது விதியே பட்டியலில் சேர்க்கும்படி வைத்திருந்தால் இந்தச் செய்திகூட வராது. நிரம்பியதும் சேர்ப்பது சத்தமில்லாமல் நின்றுவிடும்.

பிபிஎஃப் மேப் இதைவிட ஒரு படி மேல். ஹேஷ் மேப் நிரம்பினால் 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்'. அடித்த கட்டளைதான் நீளம் என்று நினைக்கத் தோன்றும். நெட்வொர்க் முகவரிகளுக்கான எல்பிஎம் ட்ரை வகை நிரம்பினால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. இதைப் பார்த்துவிட்டு டிஸ்கைத் துடைப்பவர்கள் உண்டு. எல்ஆர்யூ ஹேஷ் வகை இன்னும் சாமர்த்தியம்: பிழையே சொல்லாமல் பழையதைத் தூக்கி எறிந்துவிடும். கணக்கெடுக்க அது நல்லது, தடைப் பட்டியலுக்கு ஆகாது.

இந்த ஒரு சோதனையில் ஐபிசெட்டுக்கு முழு மதிப்பெண்.

தப்பான வரி

தடைக் கோப்பில் 192.168.0.0/16 என்ற வரியும் 192.168.10.0/24 என்ற வரியும் இரண்டுமே இருக்கிறதென்று வையுங்கள். ஐபிசெட் இரண்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். பெரியதில் ஒரு பகுதியை மட்டும் விலக்க நோமேட்ச் என்றும் போடலாம். என்எஃப்டி, இன்டர்வல் (முகவரி வரம்புகளை வைக்கும்) பட்டியலில் இரண்டும் மோதுகின்றன என்று மறுக்கும். ஆட்டோ-மெர்ஜ் போட்டால் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பிறகு லிஸ்ட் பார்க்கும்போது நீங்கள் கொடுத்த வரிகள் அங்கே இருக்காது, ஒட்டிச் சேர்ந்த வரிகள்தான் இருக்கும். கொடுத்ததையும் இருப்பதையும் டிஃப் எடுத்துச் சரிபார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது எரிச்சல்.

பதிலுக்கு என்எஃப்டி தருவது பெரிய விஷயம். ஒரே கோப்பில் ஃபிளஷ் செட் ஒரு வரி, அடுத்து ஆட் எலிமென்ட் முழுப் பட்டியல் என்று எழுதி, என்எஃப்டி -எஃப் கொடுத்தால் முழுவதும் ஏறும், இல்லையென்றால் ஒன்றுமே ஏறாது. 80,000ஆவது வரியில் எழுத்துப்பிழை இருந்தால் பழைய பட்டியல் கலையாமல் இருக்கும். பாதிப் பட்டியல் என்ற பேச்சே கிடையாது. கணக்கை வரவு வைத்தால் பற்றும் வைத்தாக வேண்டும் என்கிற பெட்டியடி ஒழுங்கு. இதற்கான விலை, ஏற்றும் நேரத்தில் என்எஃப்டி கேட்கும் நினைவகம். 512 எம்பி பெட்டியில் பெரிய இன்டர்வல் பட்டியலை ஏற்றினால் மூச்சுத் திணறும். அங்கே ஐபிசெட்டின் சிக்கனம் கைகொடுக்கும்.

ஷெல்லில் நேராக அடிக்கும்போது அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லையென்றால் அரைப்புள்ளியில் ஷெல் கட்டளையை வெட்டிவிடும்.

பிபிஎஃப்டூல்: தலைப்பில்லாத பேரேடு

பிபிஎஃப்டூல் மேப் ஷோ கொடுத்தால் எண், வகை, பெயர், கீ (தேடும் சாவி) எத்தனை பைட், வேல்யூ (அதற்கு வைத்த மதிப்பு) எத்தனை பைட், உச்சவரம்பு எல்லாம் வரும். டம்ப் கொடுத்தால் உள்ளே இருப்பது வரும். புரோகிராம் பிடிஎஃப் தகவலோடு (தரவு வகைகளின் விவரக் குறிப்பு) தொகுக்கப்பட்டிருந்தால் பெயர்களோடு அழகாக வரும். இல்லாவிட்டால் வெறும் பைட்டுகள்: பத்தித் தலைப்பைக் கிழித்துவிட்ட பழைய பேரேட்டைப் புரட்டுவது போல. எது வரவு, எது பற்று என்று மூல நிரலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எழுதுவது அதைவிடக் கடினம். 192.168.10.0/24ஐ எல்பிஎம் ட்ரை மேப்பில் சேர்க்க, கீ 8 பைட்:

பிபிஎஃப்டூல் மேப் அப்டேட் நேம் தடை கீ 24 0 0 0 192 168 10 0 வேல்யூ 1 0 0 0

முதல் 4 பைட் பிரிஃபிக்ஸ் நீளம் (இங்கே 24), அது இயந்திரத்தின் பைட் வரிசையில். அடுத்த 4 முகவரி, அது நெட்வொர்க் வரிசையில். ஒரே கீயில் இரண்டு வரிசை! நீளத்தை 0 0 0 24 என்று எழுதினால் சாதாரண இன்டெல், ஆர்ம் பெட்டிகளில் அது 402653184 ஆகிவிடும். 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்' வரும். அது பரவாயில்லை, பிழையாவது வருகிறது. கீ என்ற சொல்லுக்குப் பின் ஹெக்ஸ் என்று போட்டுவிட்டு 10 என்று அடித்தால் அது 16. எந்தப் பிழையும் இல்லாமல் வேறொரு முகவரி தடைபடும்.

இன்னும் நுட்பமான பொறி ஒன்று. புரோகிராமை மறுபடி ஏற்றும்போது அது புது மேப்பை உருவாக்கிக்கொண்டிருக்கலாம். சிஸ் எஃப்எஸ் பிபிஎஃப் அடைவில் பின் செய்த (நிலையாகப் பதிந்து வைத்த) பழைய மேப் அநாதையாக அங்கேயே உயிரோடு இருக்கும். நீங்கள் அதில் எழுதுவீர்கள், எழுதியது வெற்றி என்று வரும், ஆனால் ஒரு பாக்கெட்டும் தடைபடாது. பிபிஎஃப்டூல் புரோக் ஷோ காட்டும் மேப் எண்களும் நீங்கள் எழுதும் மேப்பின் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பது போதாது. ஒரே பெயரில் பத்து மேப்கள் இருக்க முடியும்.

டம்ப்பும் அந்த நொடியின் படம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஹேஷ் மேப்பில், நடந்துகொண்டிருக்கும் கீயை யாராவது நீக்கினால் நடை முதலிலிருந்து மறுபடி தொடங்கும். சில வரிகள் இரண்டு முறை வரும். எண்ணிக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு முகவரி எல்பிஎம் ட்ரையில் இருக்கிறதா என்று லுக்அப் செய்தால் வேல்யூ வரும், ஆனால் எந்த வரி பொருந்தியது என்று வராது. என்எஃப்டியில் கெட் எலிமென்ட் கேட்டால் பொருந்திய வரம்பையே காட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிபிஎஃப்டூல் யாருக்கு? காரைக்குடியில் சில நூறு வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரர் வெள்ளமாக வரும் குப்பைப் பாக்கெட்டுகளை எக்ஸ்டிபி புரோகிராமால் (பாக்கெட் வந்தவுடனேயே ஓடும் பிபிஎஃப் வகை) நெட்வொர்க் கார்டு வாசலிலேயே தள்ளிவிட நினைத்தால், அங்கே வேறு வழியில்லை. ஐபிசெட்டும் என்எஃப்டி விதிகளும் பார்ப்பதற்குள் பாக்கெட்டுக்குக் கெர்னல் கொஞ்சம் உழைத்திருக்கும். அங்கேயும் பிபிஎஃப்டூலைப் பார்க்கப் பயன்படுத்துங்கள், எழுதும் வேலையை அந்தப் புரோகிராமோடு வந்த கருவியிடம் விடுங்கள். விடுதிக்கு இது தேவையே இல்லை.

விருந்தினர் பட்டியல்: நேரம் உள்ள வரிகள்

பிபிஎஃப் மேப்பில் வரிக்குக் காலாவதி கிடையாது, புரோகிராம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இங்கே போட்டி இரண்டுக்குள்தான்.

ஐபிசெட்டில் ஹேஷ்:மேக் பட்டியலை (மேக் என்பது போனின் வைஃபை கார்டு முகவரி) டைம்அவுட் 86400 என்று உருவாக்கி, ஒவ்வொரு போனையும் சேர்க்கும்போது காலி செய்யும் நேரம் வரை எத்தனை விநாடி என்று கொடுக்கலாம். உச்சம் 2147483 விநாடி, ஏறக்குறைய 24 நாள் 20 மணி. விருந்தினர் இன்னொரு நாள் தங்குகிறார் என்றால் -எக்ஸிஸ்ட் போட்டு அதே வரியைப் புது நேரத்தோடு சேர்த்தால் போதும், கடிகாரம் புதிதாகும்.

என்எஃப்டியில் இதே வேலைக்கு ஈதர்_ஆடர் வகையும் டைம்அவுட் ஃபிளாகும் வேண்டும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். 6.12க்கு முந்தைய கெர்னல்களில், இருக்கிற வரியைப் புது நேரத்தோடு சேர்த்தால் பிழை வராது, நேரமும் மாறாது. விருந்தினருக்குப் பழைய நேரத்திலேயே இணைப்பு அறுந்துபோகும். ஒரே கோப்பில் டிலீட், அடுத்த வரியில் ஆட் என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக நடப்பதால் நடுவில் அறுபடாது. வரி ஏற்கனவே காலாவதியாகியிருந்தால் டிலீட் பிழையாகி முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். கெர்னல் 6.3 முதல் உள்ள டெஸ்ட்ராய் எலிமென்ட் அந்தப் பிழையைத் தராது.

எதைத் தேர்ந்தாலும் ஒரு முன்நிபந்தனை: இரண்டாங்கட்டில் வைத்த அக்சஸ் பாயின்ட் பிரிட்ஜ் நிலையில் (போன்களின் முகவரியை மறைக்காமல் அப்படியே கடத்தும் நிலை) இருக்க வேண்டும். வாங்கி வந்த ரவுட்டரை அப்படியே சொருகினால் அந்தக் கட்டின் அத்தனை போனும் கேட்வேக்கு ஒரே மேக் முகவரியாகத் தெரியும். ஒருவரைச் சேர்த்தால் எல்லோரும் உள்ளே, ஒருவரை நீக்கினால் எல்லோரும் வெளியே.

கரண்ட் போனால்

மூன்றும் நினைவகத்தில் இருப்பவை, பெட்டி அணைந்தால் போச்சு. இன்வெர்ட்டரையும் நம்ப வேண்டாம். அணைக்கும்போது சேமிக்கும் ஸ்கிரிப்ட் திடீர் மின்வெட்டில் ஓடாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (நேரம் வைத்து வேலை ஓட்டும் கருவி) ஐபிசெட் சேவ், அல்லது என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட். இரண்டிலும் மிச்சமிருக்கும் நேரம் கோப்பில் வரும். என்எஃப்டியில் -எஸ் போட்டுவிட்டால் வராது. பிபிஎஃப்டூலில் சேவ் என்றொரு கட்டளையே இல்லை, ஜேசன் டம்ப்பிலிருந்து பேட்ச் கோப்பு நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஐபிசெட் இந்த இடத்தில்தான் மோசமாகக் கவிழும். ஐபிடேபிள்ஸ் விதிகள் ஏறும்போது அவை குறிப்பிடும் பட்டியல் அங்கே இல்லையென்றால் முழு விதிக் கோப்பும் ஏறாது. பெட்டி ஃபயர்வால் இல்லாமலேயே எழுந்து, எல்லாம் நன்றாக நடப்பது போல் இணையமும் கொடுக்கும். ஐபிசெட் ரீஸ்டோர் முதலில், ஐபிடேபிள்ஸ் பிறகு என்ற வரிசையைச் சோதிக்க, ஒருமுறை பிளக்கையே பிடுங்கிப் பாருங்கள். என்எஃப்டியில் பட்டியலும் விதியும் ஒரே கோப்பு என்பதால் இந்தக் கவலை இல்லை.

ஆகவே புதிதாக அமைக்கும் பெட்டிக்கு எங்கள் கை என்எஃப்டி பக்கம். ஐபிடேபிள்ஸோடு நன்றாக ஓடும் பழைய பெட்டியைக் கலைக்க வேண்டாம். கலைத்தே ஆக வேண்டுமென்றால் ஐபிசெட்-டிரான்ஸ்லேட் பட்டியல்களை மாற்றித் தரும். இரண்டையும் கலந்து வைக்காதீர்கள்: என்எஃப்டியின் சொந்த விதிகளுக்கு ஐபிசெட் பட்டியல் கண்ணுக்கே தெரியாது.

கடைசியாக, பட்டியலில் இருந்து போனை நீக்கியும் அவர் வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தால் பட்டியல் மேல் தவறில்லை. எஸ்டாபிளிஷ்ட் (ஏற்கனவே தொடங்கிய) இணைப்புகளை அனுமதிக்கும் விதி மேலே இருக்கிறது. இணைப்புகளைக் கெர்னல் குறித்து வைக்கும் கான்ட்ராக் அட்டவணை டிசிபி இணைப்பை 432000 விநாடி, அதாவது 5 நாள் நினைவில் வைத்திருக்கும். கான்ட்ராக் -டி -எஸ் கொடுத்து (இங்கே டி மட்டும் பெரிய எழுத்து) அந்த ஐபியின் இணைப்புகளை அழிக்கலாம். பட்டியலில் இருப்பது மேக், கான்ட்ராக் கேட்பது ஐபி என்பதால் முதலில் ஐபி நெய் பார்த்து எது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பது நாற்பது போன் உள்ள விடுதியில் அதற்குப் பதில், உள்பக்க இன்டர்ஃபேஸில் இருந்து வரும் பாக்கெட்டின் மேக் பட்டியலில் இல்லையென்றால் டிராப் என்ற விதியை எஸ்டாபிளிஷ்ட் விதிக்கு மேலே வைத்துவிடுவது சுலபம்.