வேலூர்க் கோட்டையை வரைய ஏற்ற பருத்தித் தாள் கட்டு

வேலூர்க் கோட்டையை நீர்வண்ணத்தில் வரைய விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது தாளைத்தான் என்பது என் உறுதியான கருத்து. நகரின் எழுதுபொருள் கடையொன்றில் வாங்கிய, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, முழுவதும் பருத்தியாலான சொரசொரப்புத் தாள் கட்டை அகழிக்கரையில் அமர்ந்து பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன்.

16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்த அந்த மதிலின் கருங்கல் ஒரே சாம்பல் நிறம் அன்று. வெயில் படும் இடத்தில் மஞ்சள் சாயலும், நீரை ஒட்டிய இடத்தில் பாசியின் கருமையும் கலந்திருக்கும். ஈரமான தாளின் மீது அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்து இட்டால், நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கி, கல்லின் சொரசொரப்பைத் தாமாகவே காட்டிவிடுகின்றன. எவ்வளவு அழகு அது! மரக்கூழ்த் தாளில் நம் ஊர் வெயிலுக்கு வண்ணம் சட்டென்று காய்ந்து விளிம்பில் கோடு விழுந்துவிடும். பருத்தியோ ஈரத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களுக்கு மட்டும் இத்தாள் பொருந்தாது. நுண்ணிய செதுக்கல்களை வரையும்போது தூரிகை முனை தடுக்குகிறது. அதற்கு வழவழப்பான ஹாட் பிரஸ் தாளே தகும். கட்டின் ஓரத்துப் பசை வெப்பத்தில் இளகியதும் ஒரு குறையே. விலை மாணவர்களுக்குச் சற்று அதிகம்தான். ஆயினும் தாளின் இரு புறமும் வரையலாம் என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.